கர்ப்பகால ஊட்டச்சத்து: எந்த வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கர்ப்பகால உணவு குறித்து எனக்குக் கிடைத்த அறிவுரைகள் ஏராளம். எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஆனால் எந்தச் சத்து எந்த வாரத்தில் குழந்தைக்குத் தேவைப்படுகிறது, எந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, எந்த மாத்திரையை எந்த மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்பவர் எவரும் அகப்படவில்லை. மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் அத்தனையையும் கேட்டறிவதும் இயலாது. திணறித் திரட்டிய விவரங்களை, முதன்முறையாகக் கருத்தரிப்பவர்களை மனத்தில் வைத்து, கால வரிசையில் இங்கே அடுக்கியிருக்கிறேன். சரியான கேள்வியைச் சரியான வாரத்தில் கேட்க இது உதவும். உங்கள் உடல்நிலைக்கு உரிய அளவுகளை முடிவுசெய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவரே.

கீழே வரும் வாரக் கணக்கு முழுவதும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. மருத்துவமனையிலும் இதே கணக்குதான்.

1. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குங்கள்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான ஏறத்தாழ 28 நாட்களுக்குள், அதாவது ஆறாவது வாரவாக்கில் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போய், வீட்டில் சோதித்து, மருத்துவரைப் பார்க்க நேரம் குறிக்கும்போது பலருக்கு அந்த வாரம் கடந்திருக்கும். ஆகவே கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கும் ஃபோலிக் அமிலம், அது தடுக்க வேண்டிய முதன்மையான குறைபாட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் காலம் கடந்த மருந்தாகிவிடுகிறது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து 12 வாரம் முடியும்வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. எதிர்பாராமல் கருத்தரித்தவர்கள் தெரிந்த அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 400 மைக்ரோகிராம் என்பது 0.4 மில்லிகிராம். மருந்துக் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையும் கிடைக்கும். அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அந்த உயர் அளவு, முன்பு நரம்புக் குழாய்க் குறைபாட்டுடன் குழந்தை பெற்றவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எழுதித் தருவது. முன்பு அத்தகைய குழந்தை பெற்ற தாய்மாரிடம் நடத்தி 1991-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 4 மில்லிகிராம் அளவு அக்குறைபாடு மீண்டும் வருவதை 72 சதவீதம் குறைத்தது. ஆனால் அந்த ஆபத்து இல்லாதவர்கள் தாமாகவே உயர் அளவுக்குப் போக வேண்டாம். உடலில் வைட்டமின் பி12 குறைந்திருப்பதை அதிகப்படியான ஃபோலிக் அமிலம் மறைத்துவிடக்கூடும்.

கீரையிலும் பருப்பு வகைகளிலும் ஃபோலேட் உண்டு என்பது உண்மையே. எனினும் வேகவைக்கும்போது அதில் கணிசமான பங்கு அழிந்துவிடுவதால், இந்த ஒரு சத்தில் உணவை மட்டும் நம்பியிருக்க முடியாது.

2. ஒரு கோப்பைத் தொடங்குங்கள்

ஊட்டச்சத்துக்கும் காகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஹீமோகுளோபின் 10.8 என்று ஒரு சீட்டு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 12.5-இலிருந்து இறங்கி வந்ததா, 9.6-இலிருந்து ஏறி வந்ததா என்று தெரியாமல் எந்த மருத்துவராலும் சரியான முடிவெடுக்க முடியாது. எடை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: கர்ப்பத்துக்கு முந்தைய எடையும் உயரமும், கடைசி மாதவிடாயின் முதல் நாள், இரத்த வகைச் சான்று, தேதியுடன் கூடிய இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள் அனைத்தும், ஸ்கேன் அறிக்கைகள் (படங்களைவிட எழுத்தில் உள்ள அளவுகளே முக்கியம்), உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், முந்தைய பிரசவம் இருந்தால் அதன் விடுப்புச் சுருக்கம், குழந்தையின் பிறப்பு எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்ற விவரம். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு நகலைக் கொண்டுசெல்வது நல்லது. கைப்பேசியிலும் படமெடுத்து வைத்திருங்கள். ஆய்வகம் மாறினால் அளவிடும் முறையும் இயல்பு வரம்பும் சற்று மாறக்கூடும் என்பதால், இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

3. முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் முடியட்டும்

கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவச் சந்திப்பு வேண்டும், அவற்றில் முதலாவது 12 வாரத்துக்குள் அமைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. முதல் சந்திப்பில் ஹீமோகுளோபின், இரத்த வகை, சர்க்கரை, சிறுநீர், இரத்த அழுத்தம், தொற்று நோய்ப் பரிசோதனைகள் ஆகியவை வழக்கமாக இடம்பெறும். தைராய்டு பரிசோதனை எல்லா இடங்களிலும் கட்டாயமில்லை. குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு நோய் இருந்தால் நீங்களே கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில் எடுக்கப்படும் ஸ்கேனைச் செலவு கருதித் தவிர்ப்பவர்கள் உண்டு. குழந்தையின் நீளத்தை வைத்து வயதைக் கணிக்கும் முறை முதல் மூன்று மாதங்களில்தான் மிகத் துல்லியமாக இருக்கும். பிற்காலத்தில் 'குழந்தை வயதுக்கேற்ற வளர்ச்சியில் இல்லை' என்று ஓர் அறிக்கை வந்தால், அந்த 'வயது' சரிதானா என்பதைச் சொல்ல இந்த முதல் ஸ்கேனைத் தவிர வேறு நம்பகமான சான்று இருக்காது. தேதி இரண்டு வாரம் பிசகினால், நன்றாக வளரும் குழந்தையும் மெலிந்ததாகத் தெரியும். மெலிந்த குழந்தை இயல்பானதாகவும் தெரிந்துவிடும்.

4. மசக்கைக் காலத்தில் எடையையும் சிறுநீரையும் கவனியுங்கள்

முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி ஏறக்குறைய தேவையில்லை. ஆகவே வாந்தியால் சரியாகச் சாப்பிட முடியாத நாட்களை எண்ணிக் குழந்தை பட்டினி கிடக்கிறதே என்று வருந்த வேண்டாம். சிறு அளவாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வாசனை குறைந்த, ஆறிய உணவு பலருக்கு ஒத்துக்கொள்ளும். இஞ்சியும் மருத்துவர் தரும் வைட்டமின் பி6 மாத்திரையும் குமட்டலைக் குறைப்பதுண்டு. சத்து மாத்திரையே வாந்தியைத் தூண்டினால் இரவு படுக்கும் முன் மாற்றிப் பாருங்கள். எதுவுமே தங்காதபோதும் ஃபோலிக் அமிலத்தை மட்டுமாவது விடாமல் எடுத்துக்கொள்ள முயலுங்கள். அது மிகச் சிறிய மாத்திரை.

கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டாலோ, தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போனாலோ, அது வழக்கமான மசக்கையைக் கடந்த நிலை. 'எல்லாருக்கும் இருப்பதுதான்' என்ற சமாதானத்தை ஏற்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீடித்த வாந்தியில் தையமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்துபோய்த் தாயின் மூளையே பாதிக்கப்படலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் தரப்படுகிறதா என்று கேட்பது தவறாகாது.

5. இரும்புச்சத்து: இரண்டாம் மூன்று மாதத்திலேயே (நான்கு முதல் ஆறாம் மாதம்) சரிசெய்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு கர்ப்பத்துக்குத் தேவைப்படும் மொத்த இரும்பு ஏறத்தாழ 1000 மில்லிகிராம். தாயின் இரத்தம் பெருகவும் நஞ்சுக்கொடிக்கும் குழந்தைக்கும் அது பகிர்ந்து செலவாகிறது. குழந்தை தன் பங்கின் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில்தான் சேமிக்கிறது. பிறந்த பிறகு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மாதம்வரை அந்தச் சேமிப்பைக் கொண்டுதான் புதிய இரத்தத்தை உருவாக்கிக்கொள்கிறது, ஏனெனில் தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. தாய்க்குக் கடுமையான இரத்தசோகை இருந்தால் குழந்தை எடை குறைந்தோ, குறைமாதத்திலோ பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்த குழந்தை பார்ப்பதற்கு நலமாக இருந்தாலும், வறண்ட சேமிப்போடு வாழ்க்கையைத் தொடங்குகிறது. பிரசவத்தில் ஏற்படும் இரத்தப்போக்கைத் தாங்கும் வலுவும் தாய்க்குக் குறைந்துபோகிறது.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரண்டாம் மூன்று மாதத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வேகமாகப் பெருகுவதால் அளவு இயல்பாகவே சற்று இறங்கும். எனவே அப்போது மட்டும் 10.5 என்பதை எல்லையாகக் கொள்கிறார்கள். 7-க்குக் கீழே போனால் அது கடுமையான நிலை. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கலாம்; அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. வசதி இருந்தால் ஒருமுறையாவது செய்துகொள்ளலாம். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்.

இரத்தசோகை இல்லாதவர்களுக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் தனிம இரும்பு என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 'தனிம' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது இரும்பு உப்பின் எடை. அதில் இரும்பு ஒரு பகுதி மட்டுமே. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு இருக்கும். 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 35 மட்டுமே. இரண்டு அட்டைகளை ஒப்பிடும்போது சிறிய எழுத்தில் உள்ள தனிம இரும்பின் அளவைப் பாருங்கள்.

பலருக்கு மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு, அதை விழுங்கும் நேரமே காரணம். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை, அமில நீக்கி மருந்து ஆகிய ஒவ்வொன்றும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, உணவுக்கு இரண்டு மணி நேரம் பின்போ, தண்ணீருடன் அல்லது புளிப்புள்ள பழச்சாற்றுடன் விழுங்குங்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடலில் சரியாகச் சேராமல், பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் சுரப்பு) அளவு காரணம் புரியாமல் ஏறும். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். இந்த இடைவெளியை எவரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை என்பதால் நீங்களே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலம் கறுப்பாகப் போகும், அஞ்ச வேண்டாம். மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் தாங்க முடியாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு, நிறுத்தியதை மருத்துவரிடம் மறைப்பதுதான் பரவலாக நடக்கிறது. மருந்தை மாற்றவும், ஒருநாள் விட்டு ஒருநாள் தரவும், உணவோடு சேர்த்துக் கொடுக்கவும் வழிகள் உண்டு, சொன்னால்தான் கிடைக்கும்.

சிகிச்சை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒழுங்காக விழுங்கியும் அளவு ஏறவில்லையென்றால் பி12 குறைபாடு, குடற்புழு, மரபு வழி வரும் தலசீமியாக் கூறு போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நாள் குறைவாக உள்ளவர்களுக்கும் இரத்த நாளம் வழியாக ஊசியில் இரும்பு ஏற்றலாம். முதல் மூன்று மாதங்களில் அதைச் செய்வதில்லை. மாத்திரை ஏற்றிவிடக்கூடிய குறையை 20-ஆவது வாரத்திலேயே கண்டுபிடித்தால் செலவு மிகச் சிறிது. அதே குறை 36-ஆவது வாரத்தில் தெரியவந்தால் மாத்திரைக்கு அவகாசம் இருக்காது. ஊசியோ, இரத்தம் ஏற்றுவதோதான் வழி என்றாகிவிடும்.

6. அயோடின், பி12, கால்சியம், வைட்டமின் டி

குழந்தையின் தைராய்டு சுரப்பி தானாக இயங்கத் தொடங்கும்வரை, அதன் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துகிறீர்களா என்று உறையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கல்லுப்பு, பாறையுப்பு வகைகளில் பல அயோடின் சேர்க்கப்படாதவை. உப்பைக் கூட்ட வேண்டியதில்லை, உப்பின் வகையை மாற்றினால் போதும்.

பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்குவழி உணவில் மட்டுமே. பாலையும் தவிர்க்கும் சைவ உணவினர் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். பால் மட்டும் அருந்துபவர்கள் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தாய்க்குக் குறைந்திருந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை சில மாதங்கள் கழித்துச் சோர்ந்து, கற்ற அசைவுகளை மறக்கத் தொடங்கும் நிலைகூட ஏற்படலாம்.

உணவில் கால்சியம் குறைந்த மக்களிடையே, நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் கால்சியம் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயைக் குறைக்கும் என்பதால் உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராமே அந்த நோயைத் தடுப்பதில் ஏறக்குறைய நிகராக நிற்கிறது என்று 2024-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எந்த அளவானாலும், ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் உடல் முழுவதையும் ஏற்காது. கால்சியம் கார்பனேட்டை உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பைக் காலையிலும் கால்சியத்தை மதிய, இரவு உணவோடும் வைத்துக்கொண்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

வைட்டமின் டி மிகக் குறைந்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் இரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரக்கூடும். வெயில் படாத வேலையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. எடை ஏற்றத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்

'இருவருக்காகச் சாப்பிடு' என்பது எல்லார் வாயிலும் வரும் வாசகம். உண்மையான கூடுதல் தேவை, இரண்டாம் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் ஏறத்தாழ 450 கலோரி. வழக்கமான உணவோடு ஒரு சிறு வேளை உணவைக் கூட்டினால் அது நிறைந்துவிடும். அந்தக் கூடுதல் வேளையில் பருப்பு, முட்டை, பால், மீன், கொட்டைகள் என ஏதேனும் ஒரு புரத உணவு இருக்கும்படி பார்த்துக்கொண்டால், தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை.

எவ்வளவு எடை கூடலாம் என்பது கர்ப்பத்துக்கு முந்தைய உடல் நிறைக் குறியீட்டைப் பொறுத்தது. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 18.5-க்குக் கீழே இருந்தால் மொத்தம் 12.5 முதல் 18 கிலோவும், 18.5 முதல் 24.9 வரை இருந்தால் 11.5 முதல் 16 கிலோவும், 25 முதல் 29.9 வரை 7 முதல் 11.5 கிலோவும், 30-க்கு மேல் 5 முதல் 9 கிலோவும் கூடலாம் என்பது 2009-இல் வகுக்கப்பட்டுப் பரவலாகப் பயன்பாட்டில் இருக்கும் அளவு. இது ஒற்றைக் குழந்தைக்கான கணக்கு. இரட்டைக் குழந்தைகளுக்கு வேறு அளவு. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் எடை பார்த்துக் கோப்பில் எழுதுங்கள். ஒரே வாரத்தில் திடீரென்று ஒன்றிரண்டு கிலோ ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது உணவினால் வந்த எடையாக இருக்க வாய்ப்பில்லை. இரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும்.

24-ஆவது வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் மேல்விளிம்புவரை அளக்கும் சென்டிமீட்டர் ஏறத்தாழ வார எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். மூன்று சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்தால் வளர்ச்சி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வயிற்றில் வளர்ச்சி குன்றும் குழந்தைகளில் பலருக்கு, நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டக் குறைவோ, தாயின் இரத்த அழுத்தமோ, தொற்றோ, புகையோதான் காரணம். அங்கே கூடுதலாகச் சாப்பிடுவதால் பயனில்லை; கண்காணிப்பே சிகிச்சை. தாய் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டார் பழிசுமத்தினால், இந்த உண்மையை மருத்துவர் வாயிலாகவே அவர்களுக்குச் சொல்ல வையுங்கள்.

8. விலக்க வேண்டியவை

விலக்குப் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையில்லாமல் விலக்கிய ஒவ்வோர் உணவும் ஒரு சத்தின் இழப்பு. சான்றுள்ளவை சிலவே. காய்ச்சாத பாலும் அதில் செய்த மென்மையான பாலாடைக்கட்டியும் லிஸ்டீரியா கிருமியைக் கொண்டிருக்கலாம்; அது தாய்க்கு இலேசான காய்ச்சலாகவும் குழந்தைக்கு உயிராபத்தாகவும் முடியும். வேகாத இறைச்சி, பச்சை முட்டை, கழுவாத காய்கறி ஆகியவை வேண்டாம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய கொன்றுண்ணி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறு மீன்கள் மூளை வளர்ச்சிக்கு உதவும் கொழுப்பைத் தருபவை, அவற்றை வாரம் இரண்டு மூன்று முறை உண்ணலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். ரெட்டினால் வடிவத்தில் நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராமைக் கடந்தால் கருவில் ஊனம் உண்டாக்கலாம் என்பதால், மீன் ஈரல் எண்ணெயையும், வைட்டமின் ஏ மிகுந்த சத்து மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். காஃபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. புகையும் அப்படியே.

மண், சாம்பல், பனிக்கட்டி, வேகாத மாவு ஆகியவற்றைத் தின்னும் ஆசை எழுந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பலவேளை அது இரும்புக் குறைவின் அறிகுறி.

9. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை

எட்டு மணி நேரம் உண்ணாமல் இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து, இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை இரத்தம் கொடுக்க வேண்டும். பரவலாக ஏற்கப்பட்ட எல்லைகள்: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. நல்ல முடிவு வர வேண்டும் என்று முந்தைய சில நாட்கள் மாவு உணவை வேண்டுமென்றே குறைப்பவர்கள் உண்டு. அது பரிசோதனையையே பிழையாக்கிவிடும், வழக்கம்போல் சாப்பிடுங்கள். அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், கையில் உணவும் வைத்திருங்கள்.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லும், இன்சுலின் செல்லாது. ஆகவே குழந்தை தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து பருக்கிறது. தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் சர்க்கரை வரத்து நின்றுபோக, சுரப்பு மட்டும் தொடர்வதால், முதல் சில மணி நேரத்தில் அதன் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பருத்த குழந்தை எல்லாம் ஆரோக்கியமான குழந்தை அன்று.

10. செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்

ஃபோலிக் அமிலமும் இரும்பும் உலகின் மிக மலிவான மருந்துகளில் சேர்ந்தவை; பல நாடுகளில் அரசு மருத்துவ நிலையங்கள் அவற்றை இலவசமாகத் தருகின்றன. பளபளப்பான பெட்டியில் இருபது சத்துகளைக் கலந்து விற்கப்படும் மாத்திரையில் இரும்பும் கால்சியமும் ஒன்றாகவே இருக்கும். அவை ஒன்றையொன்று தடுப்பது முன்பே சொன்னதுதான். கர்ப்பிணிகளுக்கென விற்கப்படும் புரத மாவுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: ஊட்டம் குன்றிய தாய்மாருக்குச் சமச்சீரான கூடுதல் உணவு பலன் தருகிறது என்று சொல்லும் உலக சுகாதார அமைப்பு, புரதம் மட்டும் மிகுந்த துணை உணவைப் பரிந்துரைக்கவில்லை. அந்தத் தொகையை முட்டைக்கும் பாலுக்கும் பருப்புக்கும் பழத்துக்கும் செலவிடலாம். மிச்சம் இருந்தால் ஃபெரிட்டின், பி12 பரிசோதனைகளுக்கும் முதல் மூன்று மாத ஸ்கேனுக்கும் ஒதுக்குங்கள்.

11. 34-ஆவது வாரத்தில் பிரசவ அறைக்கான பட்டியல்

வலி வந்த பிறகு எதையும் விவாதிக்க முடியாது. ஆகவே இந்தச் சில வேண்டுகோள்களை எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்து, உடன் வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். தாயும் சேயும் நலமாக இருந்தால், குறைந்தது ஒரு நிமிடம் கழித்தே தொப்புள்கொடியை வெட்டுமாறு கேளுங்கள். அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியிலிருந்து வந்துசேரும் இரத்தம் குழந்தையின் இரும்புச் சேமிப்பைக் கணிசமாகக் கூட்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். வைட்டமின் கே ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் தேவை. அந்த வைட்டமின் நஞ்சுக்கொடியைக் கடப்பது அரிது என்பதால், தாய் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும் இதைத் தவிர்க்க இயலாது.

வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் சுருக்கத்தில் பிறப்பு எடை, நீளம், தலைச் சுற்றளவு, பிறந்த வாரம், வைட்டமின் கே கொடுத்த விவரம், தைராய்டுக்காகக் குதிகாலில் இரத்தம் எடுத்த தேதி ஆகியவை உள்ளனவா என்று அங்கேயே சரிபாருங்கள். பிறகு வாங்குவது பெரும்பாடு. 2500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்று பதிவாகும். 37 வாரத்துக்கு முன் பிறந்ததால் எடை குறைந்த குழந்தைக்கும், நிறைமாதத்தில் பிறந்தும் எடை குறைந்த குழந்தைக்கும் கவனிப்பு வேறு. ஆகவே எடையையும் வாரத்தையும் எப்போதும் சேர்த்தே சொல்லுங்கள். இவ்வகைக் குழந்தைகளுக்கு இரும்புச் சொட்டு மருந்தை எப்போது தொடங்குவது என்பதையும், வைட்டமின் டி சொட்டு மருந்து தேவையா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

12. வீடு திரும்பிய பிறகு

முதல் சில நாட்களில் குழந்தை பிறப்பு எடையில் 10 சதவீதம்வரை இழந்து, இரண்டு வாரத்துக்குள் மீட்டுக்கொள்ளும். அதற்கு மேல் இழந்தாலோ, மீளாவிட்டாலோ பால் போதுமான அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாவுப்பால் டப்பாவை வாங்கும் முன், குழந்தை மார்பைப் பற்றும் முறையைச் செவிலியர் ஒருவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

பாலூட்டும் காலத்தின் தேவை கர்ப்ப காலத்தைவிடக் குறைந்ததன்று; கடைசி மூன்று மாதங்களில் உண்ட அளவை அப்படியே தொடருங்கள். அயோடினும் பி12-உம் தாய்ப்பால் வழியே செல்பவை. இரத்தசோகை இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின்னும் 6 முதல் 12 வாரம் இரும்பு மாத்திரையைத் தொடர வேண்டும். குழந்தையைக் கவனிக்கும் பரபரப்பில் முதலில் கைவிடப்படுவது இந்த மாத்திரைதான். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி இருந்தால் உடலின் சேமிப்பு மீண்டுவிடும்.

கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள், பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். அதைக் குழந்தையின் தடுப்பூசி நாளிலேயே, அதே மருத்துவமனையில், காலையின் முதல் ஆளாக முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.